“லட்டு சாப்பிடலாமா?” என்று மனைவியைக் கேட்காதீர்கள்

கேள்வி: எனக்குத் திருமணமாகி எட்டு மாதம் ஆகிறது. மனைவிக்கு 27 வயது. 13 வயதிலிருந்தே அவருக்கு டைப் 1 சர்க்கரை நோய். பெண் பார்க்கப் போன அன்றே தனியாகக் கூப்பிட்டு என்னிடம் சொல்லிவிட்டார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. என் அப்பாவுக்கும் சுகர் இருந்தது. மாத்திரையிலேயே காலத்தை ஓட்டினார். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். தினமும் நான்கு ஊசி என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

போன மாதம் ஒரு நாள், இரவு மூன்று மணி இருக்கும். ஏதோ முனகல் கேட்டு விழித்தேன். அவருடைய துணியெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. எழுப்பினால் என்னை யாரென்றே தெரியாதவர் போலப் பார்த்தார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். தட்டிவிட்டு, “போடா” என்று கத்தினார். ஒருவழியாகக் குடிக்க வைத்தேன். காலையில் அவருக்கு எதுவும் நினைவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. நடுராத்திரியில் எழுப்பி “சுகர் பாரு” என்கிறேன், எரிந்து விழுகிறார். உறவினர் வீட்டு விசேஷத்தில் லட்டு எடுத்தார். “இது சாப்பிடலாமா?” என்று மெதுவாகத்தான் கேட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் பேசவில்லை.

என் அம்மாவுக்கு ‘ஏதோ சுகர்’ என்ற அளவில்தான் தெரியும். எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் மூலிகைப் பொடி தருகிறார், ஒரு மண்டலம் சாப்பிட்டால் ஊசியை நிறுத்திவிடலாம் என்று யாரோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். குழந்தை பற்றியும் கேட்க ஆரம்பித்துவிட்டார். மனைவிக்குத் துணையாக இருக்கத்தான் ஆசைப்படுகிறேன். ஆனால் நான் எதைச் செய்தாலும் தப்பாகிவிடுகிறது. என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த இரவைப் பற்றிப் பேசிவிடுவோம். அந்த “போடா” உங்கள் மனதில் எங்காவது தைத்திருந்தால் இன்றே எடுத்துப் போட்டுவிடுங்கள். மூளை ஓடுவது குளுக்கோஸில். ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் உடம்பு அட்ரினலினைச் சுரந்து எச்சரிக்கை கொடுக்கும்: வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி. 54-க்கும் கீழே போனால் மூளையே தடுமாறத் தொடங்கும். பேச்சு குழறும், ஆள் அடையாளம் தெரியாது, உதவி செய்ய வருபவரையே எதிரியாகப் பார்க்கத் தோன்றும். அமைதியே உருவான பெண்கள் அந்த நேரத்தில் தட்டை வீசி எறிந்ததாகக் கணவர்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள். அப்போது பேசுவது உங்கள் மனைவி இல்லை, பட்டினி கிடக்கும் மூளை. காலையில் நினைவில்லாமல் போனதும் அதனால்தான்.

நீங்கள் அன்று செய்தது சரி. இன்னும் திருத்தமாகச் செய்யலாம். அவர் விழித்திருந்து விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், 15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ அரை டம்ளர் தண்ணீரில் கலந்து கொடுத்தால் அந்தக் கணக்கு வந்துவிடும். அரை டம்ளருக்குச் சற்று அதிகமாகப் பழச்சாறும் கொடுக்கலாம். சாக்லேட்டோ நெய் இனிப்போ வேண்டாம். அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். பதினைந்து நிமிடம் கழித்து விரல் நுனியில் குத்திப் பாருங்கள். 70-ஐத் தாண்டவில்லை என்றால் மறுபடி அதே அளவு. தாண்டிவிட்டால், அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருக்கிறபட்சத்தில், இரண்டு பிஸ்கெட்டோ ஒரு டம்ளர் பாலோ போதும். பயத்தில் கால் கிலோ சர்க்கரையைக் கரைத்து ஊற்றுபவர்கள் உண்டு. காலையில் மீட்டர் 350 காட்டும். அதைச் சரிசெய்யும் பாடு முழுக்க அவர் தலையில்தான் விழும்.

விழுங்க முடியவில்லை, நினைவில்லை, வலிப்பு வருகிறது என்றால் வாயில் ஒரு சொட்டுக்கூட ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போதே ‘டைப் 1, இன்சுலின் போடுபவர், சுகர் இறங்கிவிட்டது’ என்று சொல்லிவிடுங்கள். குளுக்ககான் என்று ஒரு ஊசி இருக்கிறது. கல்லீரலில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை ரத்தத்துக்குள் இறக்கிவிடும். எல்லா மருந்துக்கடையிலும் அது இருக்காது. அவருடைய மருத்துவரிடம் எழுதி வாங்கி, கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்து வரவழைத்து, எப்படிப் போடுவது என்று நீங்களே ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள். அதைக் கையாள வேண்டியவர் நீங்கள்தான், அவர் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு கேள்வி உங்கள் வாய் வரை வரும்: “ஏன் இப்படி ஆச்சு? என்ன சாப்பிட்ட?” அதைக் கேட்காதீர்கள். சுகர் இறங்கி ஏறியவருக்குத் தலைவலியும் சோர்வும் மட்டும் இருப்பதில்லை, கூசிப்போகிற ஓர் உணர்வும் இருக்கும். நனைந்த துணியை மாற்ற உதவிவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் தூக்கம். தினமும் நடுராத்திரியில் எழுப்பிச் சுகர் பார்க்கச் சொல்வது எந்த மனிதரையும் எரிச்சல்படுத்தும். பதினான்கு வருடமாக இதோடு வாழ்பவரைக் கேட்கவே வேண்டாம். அதைவிட, அன்று இரவு ஏன் இறங்கியது என்று கண்டுபிடிப்பதே சரியான வழி. மாலையில் வழக்கத்தைவிட அதிகம் நடந்தாரா, வீட்டை ஒழித்தாரா? உடலுழைப்பின் பலன் பல மணி நேரம் கழித்துத் தூக்கத்தில்கூடச் சர்க்கரையை இறக்கும். இரவுச் சாப்பாடு குறைந்துபோனதா? படுக்கும்முன் போடும் நீண்டநேர இன்சுலினின் அளவு கூடிவிட்டதா? அவர் ஒப்புக்கொண்டால் சில நாள் மட்டும் அதிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைத்துப் பார்த்து, அந்த எண்களை மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். டோஸை மாற்றுவதா இல்லையா என்பது அங்கே முடிவாகட்டும். இன்னொன்றையும் அங்கே கேளுங்கள். பல ஆண்டுகள் இந்த நோயோடு இருப்பவர்களில் சிலருக்கு நடுக்கம், வியர்வை போன்ற எச்சரிக்கைகளே மங்கிவிடும். நேராகக் குழப்பத்துக்குப் போய்விடுவார்கள். சில வாரம் சுகர் இறங்காமல் பார்த்துக்கொண்டால் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் திரும்ப வரும்.

வசதி இருந்தால் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் பெரிய உதவி. ஒன்று ஏறத்தாழ இரண்டு வாரம் வரும், விலை சில ஆயிரம் ரூபாய். சுகர் இறங்கினால் அவர் போனில் மட்டுமல்ல, அவர் அனுமதித்தால் உங்கள் போனிலும் அலாரம் அடிக்கும். அனுமதித்தால் என்று சொன்னதைக் கவனியுங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு “இப்ப 240 காட்டுதே, என்ன சாப்பிட்ட?” என்று செய்தி அனுப்புவதற்கு அந்த வசதி இல்லை. இறங்கும் அலாரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஏறுவதைப் பார்க்க வேண்டாம். இரவில் சென்சார் இருக்கும் கைமேல் புரண்டு படுத்தால் அந்த அழுத்தத்திலேயே பொய்யாகக் குறைந்த எண் காட்டுவதும் உண்டு. அவர் தெளிவாக இருந்தால் சர்க்கரை கொடுக்கும்முன் விரலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது லட்டு. உங்கள் அப்பாவுக்கு இருந்தது டைப் 2. அதில் கணையம் இன்சுலின் சுரக்கும். உடம்பு அதைச் சரியாகப் பயன்படுத்தாது, நாளாக நாளாகச் சுரப்பும் குறையும். உங்கள் மனைவிக்கு நடந்தது வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிட்டது. 13 வயதுப் பிள்ளை இனிப்பு தின்றதால் வந்ததில்லை, பெற்றோர் கவனிக்காமல் விட்டதால் வந்ததும் இல்லை. அவருக்குச் சாப்பாடு என்றால் கணக்கு. இட்லியில் எவ்வளவு மாவுச்சத்து, சோற்றில் எவ்வளவு, அதற்கு எத்தனை யூனிட் என்று ஒவ்வொரு வேளையும் போடுகிறார். அன்று அந்த லட்டுக்கும் போட்டிருப்பார். அல்லது சுகர் இறங்குவதை உணர்ந்து எடுத்திருப்பார். நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள், உண்மைதான். ஆனால் அவர் காதில் அந்தக் கேள்வி 13 வயதிலிருந்து பள்ளியிலும் கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் அறிந்தவர் அறியாதவர் எல்லோரும் கேட்ட கேள்வியின் தொடர்ச்சியாகவே விழுந்திருக்கும். தன் புருஷன் வாயிலிருந்தாவது அது வராது என்று நம்பியிருப்பார்.

இந்தச் சலிப்புக்கு மருத்துவத்தில் இடம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் பொலான்ஸ்கியும் அவருடைய சகாக்களும் நீரிழிவால் வரும் மனச்சுமையை அளக்க ஒரு கேள்வித்தாளை 1995-ல் வெளியிட்டார்கள். இன்றும் பல நாடுகளில் அது பயன்படுகிறது. நோயாளிக்கு மனச்சுமை கூடும்போது சர்க்கரைக் கட்டுப்பாடும் குலைகிறது என்பது அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. ஆக, வீட்டுக்குள் ஒரு காவல்காரர் முளைத்தால் சுகர் குறையாது. சுகர் பார்ப்பதை மறைப்பதும், எண்ணை மாற்றிச் சொல்வதும்தான் நடக்கும். மீட்டரில் வரும் எண் பரீட்சை மார்க் இல்லை. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் பலருக்கு இன்சுலின் தேவை கூடும். ஜலதோஷம், தூக்கக் குறைவு, அலுவலகத்து நெருக்கடி, ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டிப்போன தோல் என்று எது வேண்டுமானாலும் அதை ஏற்றும். எல்லாம் சரியாகச் செய்த நாளிலும் 280 வரும். “கூடியிருக்கே” என்று சொல்லாதீர்கள். அது அவருக்குத் தெரியும்.

அப்படியானால் உங்கள் வேலை என்ன? நான் பார்த்த நல்ல கணவர்களிடம் கண்டதைச் சொல்கிறேன். எண்களை மனைவியிடம் விட்டுவிடுவார்கள். எண்களைச் சுற்றியுள்ள உலகத்தைத் தாங்கள் பார்த்துக்கொள்வார்கள். சுகர் மிக இறங்கி அவர் நிதானம் இழக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் பொறுப்பு முழுவதையும் கையில் எடுப்பார்கள்.

சாப்பாட்டு நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாக வேலை செய்யும் இன்சுலினைச் சாப்பாட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு போட வேண்டும். நம் வீடுகளில் “இதோ ஆச்சு” என்றால் அரை மணி நேரம். மருமகள் கடைசியில்தான் உட்கார வேண்டும் என்ற வழக்கம் வேறு. ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று நினைத்துப் பாருங்கள். கல்யாண மண்டபத்தில் இன்னும் மோசம். முதல் பந்தி நிறைந்துவிட்டது, அடுத்த பந்திக்கு நாற்காலியின் பின்னால் நிற்க வேண்டும். இலையில் சோறு விழுவது உறுதியான பிறகு போடலாம் என்றால் அத்தனை பேர் நடுவில் புடவையை விலக்க வேண்டும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊசி போடும் பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது தாங்கவே முடியாத காட்சி. பந்தியில் இடம் பிடித்துத் தருவதும், வீட்டில் நேரத்துக்குத் தட்டு வைப்பதும், “அவளுக்கு இப்பவே பரிமாறுங்க” என்று முகம் சுளிக்காமல் சொல்வதும் நீங்கள் செய்யக்கூடிய வேலைகள்.

மருந்துக்கடைக்கு நீங்கள் போவதாக இருந்தால் ஒன்றைப் படித்துவைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். 100 யூனிட்டில் வரும் குப்பிகளும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் உடம்பில் இறங்குவது இரண்டரை மடங்கு. கடைக்காரர் “ரெண்டும் ஒண்ணுதான்” என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். திறக்காத மருந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கட்டும், ஃப்ரீசரில் ஒருபோதும் கூடாது. உறைந்த இன்சுலின் இளகினாலும் வேலை செய்யாது. திறந்து பயன்படுத்துவதை வெளியே நான்கு வாரம் போல வைக்கலாம். ஆனால் திண்டுக்கல் சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கடைக்குள் போகக் கூடாது. கரண்ட் போகும் ஊருக்குப் போனால், ஒரு மண்பானைக்குள் இன்னொரு சிறு பானையை வைத்து நடுவில் ஈர மணலைக் கொட்டி, உள்ளே டப்பாவில் மருந்தை வையுங்கள். நன்றாகத் தாங்கும். பணம் நெருக்கடி என்றால் அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தயங்க ஒன்றுமில்லை. எப்படியும் வீட்டில் ஒரு மாத இருப்புக் குறையாமல் பாருங்கள்.

இனி மூலிகைப் பொடி. உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்த வரி இதுதான். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன்பு டைப் 1 வந்த பிள்ளைகள் மாதங்களில், மிஞ்சினால் ஓரிரு ஆண்டுகளில் எலும்பும் தோலுமாகி இறந்துபோனார்கள். பத்தியமும் பட்டினியும்தான் அன்றைய வைத்தியம். உங்கள் மனைவியைப் போலப் பல வருடம் ஊசியில் இருப்பவர் அதை நிறுத்தினால் மாதக் கணக்கெல்லாம் இல்லை, நாள் கணக்குதான். உடம்பு கொழுப்பைக் கரைக்கத் தொடங்கி, அதில் உண்டாகும் கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமாகும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து இழுக்கும் மூச்சு, வாயில் பழுத்த பழ வாசனை, பிறகு மயக்கம். ‘கேஸ்’ என்றும் ‘ஃபுட் பாய்சன்’ என்றும் நினைத்து வீட்டில் வைத்திருந்து, கடைசி நேரத்தில் தூக்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே காய்ச்சலோ வாந்தியோ வந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்றாலும், கார்த்திகை விரதம் என்றாலும், நீண்டநேர இன்சுலினை நிறுத்தக் கூடாது. சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டை வீட்டில் இருக்கட்டும். வாந்தி நிற்காவிட்டாலோ கீட்டோன் ஏறினாலோ அவசரப் பிரிவுக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக டைப் 1 என்று சொல்லுங்கள். பாகற்காய் பொரியல் சாப்பிடட்டும், ஆவாரம்பூவில் டீ குடிக்கட்டும். அழிந்துபோன செல்லை எந்தப் பொடியும் முளைக்க வைக்காது.

இதை அம்மாவிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்கள் மனைவி சொன்னால் மாமியாருக்குப் பதில் பேசியதாகும், மகன் சொன்னால் செய்தியாகும். எவ்வளவு சொல்லலாம் என்று முதலில் மனைவியைக் கேட்டுக்கொள்ளுங்கள்; அது அவருடைய உடம்பு. சம்மதித்தால் அம்மாவிடம் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுங்கள். “அப்பாவுக்கு வந்தது வேறம்மா, இவளுக்கு உடம்புல இன்சுலினே கிடையாது, ஊசிதான் உசிரு” என்பது போல. சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுக்கும் விதத்தையும் அம்மாவுக்குக் கற்றுக்கொடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத இரவில் பக்கத்து அறையில் இருக்கப்போவது அவர்தான். வேலை ஒன்று கையில் வந்ததும் வைத்தியரைத் தேடுவதை விட்டுவிட்ட மாமியார்களை நான் அறிவேன்.

குழந்தை பற்றி. தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம், திட்டமிட்டு. கருத்தரிக்கும் முன்பே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே, சுகர் அடிக்கடி இறங்காத வகையில், வந்திருப்பது நல்லது. கண்ணின் விழித்திரையும் சிறுநீரகமும் பார்க்க வேண்டும், ஃபோலிக் அமிலம் முன்பே தொடங்க வேண்டும், சில ரத்த அழுத்த, கொலஸ்ட்ரால் மாத்திரைகளை மாற்ற வேண்டும். முதல் மூன்று மாதம் சுகர் அடிக்கடி இறங்கும். பிற்பாதியில் இன்சுலின் தேவை இரண்டு மடங்குகூட ஆகலாம். பிரசவம் ஆனதும் சட்டென்று விழும். குழந்தைக்கும் வந்துவிடுமோ என்ற பயம் உங்களுக்கும் இருக்கும். மேலைநாட்டுக் கணக்குப்படி, தாய்க்கு டைப் 1 இருந்து, 25 வயதுக்குப் பிறகு பெற்ற குழந்தை என்றால், 100-ல் ஒன்று. தந்தைக்கு இருந்தால்தான் கூடுதல், ஏறத்தாழ 17-ல் ஒன்று. அம்மா கேட்டால் இந்த எண்களைச் சொல்லுங்கள். தேதியை அம்மாவோ நீங்களோ குறிக்க வேண்டாம், மனைவியும் மருத்துவரும் குறிக்கட்டும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது “நானும் வரட்டுமா?” என்று அவரிடம் கேளுங்கள். சரி என்றால் போய் இரவு டோஸ், குளுக்ககான், குழந்தை மூன்றையும் பேசிவிட்டு வாருங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அம்மாவிடம் பேசுவதற்கு மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம். மனைவியைக் கேட்டுக்கொண்டு, அந்தப் பொடி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.